மேனகாவின் கையில் எந்தத் துப்பாக்கி?

சில்வர்கிளென்_தென்றல் | வெள்ளி, இரவு 8.40

எல்லோருக்கும் வணக்கம். கதைப் பகுதியில் நான் எழுதிவரும் தொடரைச் சிலர் படித்துவருகிறீர்கள். மேனகா, வயது 34, தென்னாப்பிரிக்காவில், டர்பன் சாட்ஸ்வொர்த்தில் ஓர் ஆர்ம்ட் ரெஸ்பான்ஸ் கம்பெனியில் (அழைத்தால் துப்பாக்கியோடு வரும் தனியார் காவல்) இரவு ஷிஃப்ட் பார்ப்பவள். ஆறாவது அத்தியாயத்தில்தான் முதன்முதலாகத் துப்பாக்கியை எடுக்கிறாள். அந்த இடத்தில் நின்றுவிட்டேன். எழுதியதை அப்படியே போடுகிறேன்:

"மேனகா இடுப்பிலிருந்து டெசர்ட் ஈகிளை உருவினாள். நிதானமாகச் சைலென்சரைத் திருகினாள். மொபேனி கிடங்குக்குள் ஆறு பேர். பட், பட், பட். முதலாமவன் கண்ணாடிச் சன்னலை உடைத்துக்கொண்டு வெளியே பறந்தான். அவளுடைய தோளில் ஒரு தோட்டா பாய்ந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு மீண்டும் ஸ்லைடை இழுத்தாள். பத்தாவது தோட்டாவில் கடைசி ஆளும் சாய்ந்தான்."

படித்துப் பார்க்கும்போது எனக்கே நெருடுகிறது. ஆனால் எங்கே தப்பு என்று பிடிபடவில்லை. நான் துப்பாக்கியைக் கையால் தொட்டதில்லை. இந்த ஊரில் எல்லா விஷயத்தையும் நேரில் பார்த்து எழுதிவிட்டு, துப்பாக்கியை மட்டும் சினிமாவிலிருந்து எடுத்து ஒட்டியிருக்கிறேன். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

டோங்காட்_கரும்பு | வெள்ளி, இரவு 9.25

தங்கச்சி, கேட்டது நல்லதாயிற்று. 20 வருடமாக ரேஞ்சுக்கு, அதாவது சுடும் பயிற்சி இடத்துக்குப் போகிறவன் நான். கதையில் யாராவது துப்பாக்கியைக் கையில் எடுத்தால் என் மனம் தானாகத் தோட்டாவை எண்ண ஆரம்பித்துவிடும்.

முதலில் டெசர்ட் ஈகிள். பெரிய .50 ரகம் ஏறக்குறைய 2 கிலோ. இரண்டு கிலோ சர்க்கரையை பெல்ட்டில் கட்டிக்கொண்டு 12 மணி நேர ஷிஃப்ட் பார்க்கச் சொல்லுங்கள், இடுப்பு என்ன ஆகும் என்று தெரியும். வண்டியில் ஏறி, இறங்கி, வீட்டு மதிலைச் சுற்றி நடந்து, மறுபடியும் ஏறி... எந்தக் கம்பெனியும் இதைக் கொடுக்காது. தோட்டாவின் விலையிலேயே கணக்காளர் மயங்கி விழுவார். மேகசினில் (பிடிக்குள் செருகும் தோட்டாப் பெட்டி) 7 தோட்டாதான். நீங்கள் பத்து சுட்டிருக்கிறீர்கள்.

அப்புறம் ஸ்லைடு, அதாவது பிஸ்டலின் மேலே முன்னும் பின்னும் நகரும் பகுதி. பாதிச் சண்டையில் அவள் ஸ்லைடை இழுக்கிறாள். சேம்பரில் (சுடத் தயாராகத் தோட்டா உட்காரும் அறை) ஏற்கெனவே தோட்டா இருக்கும்போது இழுத்தால் அந்த நல்ல தோட்டா வெளியே தெறித்துத் தரையில் உருளும். சினிமாவில் மிரட்டுவதற்காக இழுப்பார்கள். ஒரே காட்சியில் ஒருவர் மூன்று முறை இழுத்ததைப் பார்த்திருக்கிறேன். இரண்டு தோட்டாக்களைத் தானம் செய்துவிட்டார். தோட்டா தீர்ந்தால் பெரும்பாலான பிஸ்டல்களில் ஸ்லைடு தானாகப் பின்னால் போய் நின்றுவிடும். காலியாகிவிட்டது என்று கைக்கே தெரியும். படத்தில் வருகிற மாதிரி "க்ளிக், க்ளிக், க்ளிக்" என்று விசையை இழுத்து முகம் வாட வேண்டியதில்லை.

சைலென்சரைப் பற்றி நாளை எழுதுகிறேன். அது தனிக் கதை.

உங்கள் மேனகாவுக்கு என் யோசனை: சாதாரண 9 மி.மீ. பிஸ்டல். கம்பெனியுடையது. அவளுடையது அல்ல. இந்த ஒரு வரியே உங்கள் கதைக்குத் தீனி போடும். உரிமம் கம்பெனி பெயரில் இருக்கும். ஷிஃப்ட் தொடங்கும்போது பதிவேட்டில் வரிசை எண்ணைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டு வாங்குவாள், விடிந்ததும் திருப்பிக் கொடுப்பாள். தோட்டாவையும் எண்ணித்தான் வாங்குவார்கள். காலையில் 15-க்கு 13 இருந்தால் அந்த இரண்டும் எங்கே போயின என்று எழுதிக் கொடுக்க வேண்டும்.

---

மதுரைக்காரன்_பிரிட்டோரியா | வெள்ளி, இரவு 10.02

அண்ணா, உங்கள் அனுபவத்துக்கு மரியாதை. ஆனால் ஒரு வாசகனாகச் சொல்கிறேன், ஹீரோ துப்பாக்கி எடுக்கும்போது நான் எண்ணுவதில்லை. நிமிர்ந்து உட்காருகிறேன். மதுரையில் தியேட்டரில் விசில் அடித்து வளர்ந்தவன் நான். புராணத்தில் அர்ஜுனனின் அம்பறாத்தூணி காலியாகாது. அதை யாரும் குறையாகச் சொல்வதில்லையே? நாயகனின் ஆயுதம் நாயகனின் குணத்தைக் காட்ட வருகிறது. பெரிய துப்பாக்கி என்றால் பெரிய கோபம். கணக்கு வழக்கு பார்த்தால் கோபம் ஆறிவிடும்.

---

பழைய_ரீல் | வெள்ளி, இரவு 11.15

தம்பி மதுரைக்காரன் சொல்வதில் பாதியை ஒத்துக்கொள்கிறேன். மீதிப் பாதிக்கு ஒரு நிஜக் கதை சொல்கிறேன்.

டர்பன் கிரே ஸ்ட்ரீட்டில் (இப்போது யூசுப் தாது வீதி) ஷாஜகான் தியேட்டரில் படம் பார்த்து வளர்ந்த தலைமுறை நாங்கள். ஜேம்ஸ் பாண்ட் கையில் இருக்கும் வால்தர் பி.பி.கே.வைப் பார்த்துவிட்டுத் தெருவில் மரத்துண்டைச் செதுக்கி வைத்துக்கொண்டு திரிந்திருக்கிறோம். அந்தத் துப்பாக்கி பாண்டின் கைக்கு வந்ததே ஒரு வாசகர் குறை சொன்னதால்தான்.

இயான் ஃபிளெமிங்கின் ஆரம்ப நாவல்களில் பாண்ட் வைத்திருந்தது .25 பெரெட்டா. 1956-ல் ஜெஃப்ரி பூத்ராய்ட் என்ற துப்பாக்கி ஆர்வலர் ஃபிளெமிங்குக்குக் கடிதம் எழுதினார். அது பெண்கள் வைத்துக்கொள்ளும் துப்பாக்கி, அதுவும் நாகரிகமான பெண்கள் வைத்துக்கொள்வதல்ல என்கிற தொனியில் கடுமையாகச் சொல்லிவிட்டு, ஒரு ஸ்மித் அண்ட் வெசன் ரிவால்வரையும் பெர்ன்ஸ்-மார்ட்டின் என்ற ஹோல்ஸ்டரையும் (துப்பாக்கி உறை) சிபாரிசு செய்தார். ஃபிளெமிங் கோபப்படவில்லை. பதில் எழுதினார், ஆலோசனை கேட்டார். 1958-ல் வந்த 'டாக்டர் நோ' நாவலில் பாண்டின் பெரெட்டாவைப் பிடுங்கிவிட்டு பி.பி.கே.வைக் கொடுக்கிறார்கள். கொடுக்கிற ஆயுத நிபுணரின் பெயர் மேஜர் பூத்ராய்ட். கடிதம் எழுதியவருக்கு ஆசிரியர் செய்த மரியாதை.

இத்தனைக்குப் பிறகும் ஒரு தப்பு நடந்தது. பி.பி.கே.யை பெர்ன்ஸ்-மார்ட்டின் ஹோல்ஸ்டரில் போட்டுவிட்டார் ஃபிளெமிங். அது ரிவால்வருக்காகச் செய்யப்பட்டது. இரண்டு நல்ல யோசனைகளைச் சேர்த்து ஒரு நடக்காத காரியம்!

1962-ல் படமாக வந்தபோது இன்னொன்று. எதிரியின் துப்பாக்கி காலி என்று தெரிந்தபின் பாண்ட் அதை ஸ்மித் அண்ட் வெசன் என்று சொல்லி, ஆறும் தீர்ந்துவிட்டது என்கிறார். திரையில் இருப்பதோ கோல்ட் 1911 வகைப் பிஸ்டல். அதன் மேகசினில் 7 பிடிக்கும். தோட்டாவை எண்ணுகிறவன் என்பதுதான் அந்தக் காட்சியில் பாண்டின் பெருமை. அந்த எண்ணிக்கையே தப்பு. எனக்கு இது தெரிந்தது அறுபது வயதில். அதன் பிறகு அந்தக் காட்சியைப் பழையபடி பார்க்க முடியவில்லை.

---

மதுரைக்காரன்_பிரிட்டோரியா | வெள்ளி, இரவு 11.31

ஐயா, அருமை. ஆனால் தெரியாத வரையில் காட்சி நன்றாகத்தானே இருந்தது? என் வாதமே அதுதான்.

---

பழைய_ரீல் | வெள்ளி, இரவு 11.58

இருந்தது. மறுக்கவில்லை. ஆனால் தென்றல் எழுதுவது கற்பனை நாட்டு உளவாளியைப் பற்றி அல்ல. ஹிகின்சன் ஹைவேயில் வண்டி ஓட்டுகிற பெண்ணைப் பற்றி. அந்தக் கதையைப் படிக்கப் போகிறவர்களில் பாதிப் பேர் வீட்டு வாசலில் ஆர்ம்ட் ரெஸ்பான்ஸ் பலகை தொங்குகிறது.

பி.பி.கே.வின் நிஜ வாழ்க்கையையும் சொல்லிவிடுகிறேன். 1974 மார்ச் 20, லண்டனில் இளவரசி ஆனின் காரை ஒருவன் மறித்தான். அவருடைய மெய்க்காவலர் ஜிம் பீட்டனிடம் இருந்தது பாண்டின் அதே வால்தர் பி.பி.கே. பீட்டனுக்கு முதலிலேயே தோளில் குண்டு பட்டுவிட்டது. அவர் சுட்ட ஒரே குண்டு குறி தவறியது. அடுத்த முறை விசையை இழுத்தபோது துப்பாக்கி சிக்கிக்கொண்டது. ஆயுதம் இல்லாமல் வெறும் கையையும் உடம்பையும் குறுக்கே வைத்து இன்னும் இரண்டு குண்டுகளை வாங்கினார். பிழைத்தார். ஜார்ஜ் கிராஸ் என்ற வீர விருதைக் கொடுத்தார்கள். அந்த ரகத் துப்பாக்கியைப் பாதுகாப்புப் பணியிலிருந்து எடுத்துவிட்டார்கள்.

எனக்கு இதைவிடப் பெரிய ஹீரோ காட்சி வேண்டாம். துப்பாக்கி கைவிட்ட பிறகு அந்த மனிதர் என்ன செய்தார் என்பதுதான் அதில் விஷயம்.

---

லெனேசியா_வாத்தியார் | சனி, காலை 7.10

பன்னிரண்டாம் வகுப்புக்கு இயற்பியல் எடுக்கிறேன். சன்னலை உடைத்துக்கொண்டு பறந்தவனுக்காக வந்திருக்கிறேன்.

9 மி.மீ. தோட்டா ஒன்றின் எடை சுமார் 8 கிராம். வேகம் நொடிக்கு 360 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். இரண்டையும் பெருக்கினால் உந்தம், 2.88 கிலோகிராம்-மீட்டர்/நொடி. அது 80 கிலோ மனிதனுக்குள் முழுவதுமாகத் தங்கிவிட்டால்கூட அவனுக்குக் கிடைக்கும் வேகம் நொடிக்கு 3.6 சென்டிமீட்டர். எறும்பு ஊர்கிற வேகத்தைவிடச் சற்று அதிகம், அவ்வளவுதான். 1971-லிருந்து உலகமே பேசுகிற 'டர்ட்டி ஹாரி'யின் .44 மேக்னத்தை எடுத்தாலும் நொடிக்கு 8 சென்டிமீட்டரைத் தாண்டாது.

இன்னொன்று. சுடப்பட்டவன் பறப்பான் என்றால் சுட்டவளும் பின்பக்கம் பறக்க வேண்டும். நியூட்டனின் மூன்றாம் விதி மேனகாவுக்கு மட்டும் விலக்கு தராது. இதை என் மாணவர்களுக்குப் பரீட்சைக் கேள்வியாகவே கொடுப்பதுண்டு. அந்தக் கணக்கைப் போட்டு முடித்ததும் வகுப்பில் ஒரு நிசப்தம் வரும் பாருங்கள், எனக்கு மிகவும் பிடித்த நிசப்தம் அது.

---

டோங்காட்_கரும்பு | சனி, காலை 9.45

வாத்தியாருக்கு நன்றி. இப்போது சைலென்சர்.

9 மி.மீ. சுடும் சத்தம் சுமார் 160 டெசிபல். நல்ல சைலென்சர் அதில் 30 குறைக்கும். மிச்சம் 130. காது வலிக்கத் தொடங்கும் அளவு அது. "பட்" என்று தலையணையைத் தட்டுகிற சத்தம் வராது. கிடங்குக்கு வெளியே பேக்கியில் (பிக்-அப் வண்டி) உட்கார்ந்திருப்பவன் திரும்பிப் பார்ப்பான். தோட்டா ஒலியைவிட வேகமாகப் போனால் காற்றில் தனியாக ஒரு வெடிச்சத்தம் எழும்; அதைச் சைலென்சர் ஒன்றும் செய்ய முடியாது.

ரிவால்வரில் சைலென்சர் மாட்டுவது இன்னும் மோசம். சிலிண்டருக்கும் (தோட்டாக்கள் இருக்கும் சுழல் உருளை) குழலுக்கும் நடுவே இடைவெளி இருக்கிறது, வாயு அங்கேயே பீறிட்டு வெளியேறும். விதிவிலக்கு என்றால் ரஷ்யாவின் பழைய நாகான் 1895. அதில் சிலிண்டர் முன்னால் நகர்ந்து இடைவெளியை மூடிக்கொள்ளும்.

சைலென்சரே இல்லாமல், மூடிய கிடங்குக்குள் காதுக்கவசம் இல்லாமல் மூன்று முறை சுட்டால்? மேனகாவுக்குக் காது "ங்ங்..." என்று அடைத்துக்கொள்ளும். பின்னால் வருகிறவன் காலடி கேட்காது. ரேடியோவில் கண்ட்ரோல் ரூம் கூப்பிடுவது கேட்காது. தங்கச்சி, இதை நீங்கள் எழுதினால் வேறு எந்தச் சண்டைக் காட்சியும் தராத பயம் வாசகனுக்கு வரும்.

நான் முதல் முறை ரேஞ்சில் சுட்ட நாளைச் சொல்கிறேன். எதைச் சொல்லிக் கொடுத்தாலும் தலையாட்டினேன். சுட்டேன். முதலில் தெரிந்தது சத்தம் இல்லை, மூக்கில் ஏறிய நெடி. தீபாவளி வெடி நெடியில் எண்ணெய் கலந்த மாதிரி. இரண்டாவது சுட்டபோது வெளியே தெறித்த காலித் தோட்டா சட்டைக் காலருக்குள் விழுந்துவிட்டது. கொதிக்கிற சூடு. துள்ளினேன். பயிற்சியாளர் என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டார், துப்பாக்கியின் வாய் திரும்பிவிடக் கூடாது என்று. கழுத்தில் கொப்புளம் ஒரு வாரம் இருந்தது. இடது கட்டைவிரலைத் தவறான இடத்தில் வைத்ததால் ஸ்லைடு தோலைச் சீவியது வேறு. அன்று மாலை வண்டி ஸ்டீயரிங்கைப் பிடித்தபோது இரண்டு கையும் லேசாக நடுங்கியது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. அட்டையைச் சுட்டதற்கே அப்படி.

---

பீனிக்ஸ்_அக்கா | சனி, மதியம் 1.20

நான் பேசாமல் படித்துக்கொண்டிருந்தேன். தோளில் பட்ட தோட்டாவைப் பார்த்த பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை. அவசரச் சிகிச்சைப் பிரிவில் நர்ஸாக 17 வருடம்.

தென்றல், தோள் சும்மா கிடக்கிற இடம் அல்ல. காறை எலும்புக்குக் கீழே கைக்குப் போகிற பெரிய இரத்தக் குழாய் ஓடுகிறது. அதை ஒட்டியே கைக்கான நரம்புகள் எல்லாம் கற்றையாக இறங்குகின்றன. குழாய் கிழிந்தால் வெளியிலிருந்து அழுத்திப் பிடிப்பதே கஷ்டம், எலும்பு குறுக்கே நிற்கும். நரம்பு அறுந்தால் உயிர் பிழைத்தாலும் கை தொங்கிப்போகும். சட்டைப் பொத்தான் போட முடியாமல், குழந்தையைத் தூக்க முடியாமல் பல மாதம், சிலருக்கு வாழ்நாள் முழுக்க. பல்லைக் கடித்துக்கொண்டு தொடர்ந்து சண்டை போடுவது என்பதைப் படிக்கும்போது எங்கள் வார்டில் படுத்தவர்களின் முகங்கள்தான் வருகின்றன.

அதே சமயம் இதற்கு நேர் எதிரானதும் உண்மை. சுடப்பட்டவர் உடனே விழுவார் என்பதும் சினிமாதான். வயிற்றில் குண்டோடு தானே நடந்து வந்து, கவுண்டரில் வரிசையில் நின்றவரை நான் பார்த்திருக்கிறேன். "என்னவோ குத்தின மாதிரி இருக்கு சிஸ்டர்" என்றார். சட்டையைத் தூக்கிய பிறகுதான் எங்களுக்கே தெரிந்தது. ஒரு குண்டு, ஓர் ஆள், உடனே மரணம் என்று எழுதாதீர்கள்.

மதுரைத் தம்பி, உங்களிடமும் ஒரு வார்த்தை. 2021 ஜூலைக் கலவரத்தின்போது நீங்கள் இங்கே இருந்தீர்களா தெரியாது. எங்கள் தெரு முனையில் பேக்கிகளைக் குறுக்கே நிறுத்தி ஆண்கள் காவல் நின்றார்கள். இரவெல்லாம் சுடும் சத்தம். பீனிக்ஸில் மட்டும் 36 உயிர் போனது. இறந்தவர்களில் பெரும்பாலோர் கறுப்பின மக்கள். பெரிய கோபம், பெரிய துப்பாக்கி என்று நீங்கள் சொன்னதைப் படித்ததும் எனக்கு அந்த வாரம்தான் ஞாபகம் வந்தது. அன்று கையில் துப்பாக்கி வைத்திருந்த சில பேர் நடந்த விதம் சினிமாவில் பார்த்ததுதான். நின்ற விதம்கூட. அதனால்தான் இந்த இழையை இவ்வளவு அக்கறையாகப் படித்தேன்.

---

மதுரைக்காரன்_பிரிட்டோரியா | சனி, மதியம் 2.47

அக்கா, நான் வந்தது 2022-ல். அந்த வாரத்தைச் செய்தியில் மட்டும் பார்த்தவன். நீங்கள் சொன்னதற்கு என்னிடம் பதில் இல்லை. அர்ஜுனன் உதாரணத்தை விடுகிறேன். அவனும் முதலில் வில்லைக் கீழே போட்டவன்தான்.

ஒரு சந்தேகம் மட்டும் கேட்கிறேன். 'டை ஹார்ட் 2' படத்தில் பீங்கான் துப்பாக்கி, விமான நிலைய எக்ஸ்ரேயில் தெரியாது என்று வருமே. கல்லூரியில் அதை நம்பிப் பந்தயம் கட்டியிருக்கிறேன். நிஜமா?

---

டோங்காட்_கரும்பு | சனி, மாலை 4.05

பந்தயம் போச்சு தம்பி. படத்தில் 'க்ளாக் 7' என்று பெயர் சொல்லி, ஜெர்மனியில் செய்த பீங்கான் துப்பாக்கி என்பார்கள். அந்தப் பெயரில் துப்பாக்கியே கிடையாது. க்ளாக் கம்பெனி ஆஸ்திரியாவில் இருக்கிறது. சட்டகம் மட்டும் பாலிமர். ஸ்லைடும் குழலும் இரும்பு. எக்ஸ்ரேயில் பளிச்சென்று தெரியும். 1982-ல் ஆஸ்திரிய ராணுவம் க்ளாக் 17-ஐ எடுத்துக்கொண்டபோது பிளாஸ்டிக் துப்பாக்கி என்று எல்லோரும் பயந்தார்கள், அந்தப் பயத்தைப் படக்காரர்கள் பிடித்துக்கொண்டார்கள். க்ளாக்கில் வெளியே சுத்தியலும் கிடையாது. ஆனால் எந்தப் படத்தில் க்ளாக்கை நீட்டினாலும் சுத்தியலை இழுக்கும் "கடக்" சத்தம் வரும்.

முதல் 'டை ஹார்ட்'டில் ஹீரோ வைத்திருப்பது பெரெட்டா 92. அதற்கும் நமக்கும் ஓர் உறவு உண்டு. 1977-ல் ஐ.நா. ஆயுதத் தடை விதித்ததும் வெளியிலிருந்து துப்பாக்கி வாங்க வழியில்லாமல் போனது. அதனால் பெரெட்டா 92-ஐ மாதிரியாக வைத்து இங்கேயே லிட்டல்டன் தொழிற்சாலையில் செய்ததுதான் வெக்டர் ஸெட் 88. நம் போலீஸ்காரர்கள் இடுப்பில் பல வருடம் தொங்கியது அதுதான். 15 தோட்டா, காலியாக இருக்கும்போதே ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைவு. ஹாலிவுட் ஹீரோவின் கையிலும் சாட்ஸ்வொர்த் ஸ்டேஷன் சார்ஜென்ட் இடுப்பிலும் ஏறக்குறைய ஒரே துப்பாக்கி! மேனகாவின் கம்பெனி பழைய கம்பெனி என்றால் பெட்டியில் ஒன்றிரண்டு ஸெட் 88 கிடப்பது நம்பும்படியாக இருக்கும். பூச்சு தேய்ந்து, முனைகளில் வெள்ளி தெரிய, பலர் கைப்பட்ட பிடியோடு.

---

சில்வர்கிளென்_தென்றல் | சனி, மாலை 6.30

எல்லோருக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. பீனிக்ஸ் அக்கா எழுதியதை மூன்று முறை படித்தேன்.

இரண்டு கேள்வி. ஒன்று, அடுத்த அத்தியாயத்தில் மேனகா கம்பெனித் துப்பாக்கியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, இறந்துபோன அப்பாவின் .38 ரிவால்வரைப் பரணிலிருந்து எடுத்துக்கொண்டு கிளம்புகிறாள். கதையின் உயிரே அந்த இடம்தான். இரண்டு, வில்லனின் துப்பாக்கி கீழே விழுந்து தானாக வெடிக்கிறது. இவை சரியா?

---

டோங்காட்_கரும்பு | சனி, இரவு 8.15

இரண்டாவதற்கு முதலில். இன்றைய நல்ல துப்பாக்கிகள் கீழே விழுந்தால் வெடிக்காதபடி உள்ளேயே தடுப்பு உண்டு. ஆனால் ஒரு துப்பாக்கி உங்களுக்குத் தோதாக இருக்கிறது. நம் நாட்டு வெக்டர் சி.பி.1. கைக்கு அடக்கமான அழகான பிஸ்டல். கீழே விழுந்தாலோ இடிபட்டாலோ வெடிக்கக்கூடும் என்று 2000-ல் திரும்பப் பெற்றார்கள். வில்லன் அதைத் திருப்பிக் கொடுக்காமல் வைத்துக்கொண்டான் என்று ஒரு வரி போடுங்கள், போதும்.

பழைய கௌபாய் ரிவால்வருக்கும் இதே தொல்லைதான். 1873 கோல்ட்டில் ஆறு அறை. விவரம் தெரிந்தவர்கள் ஐந்தைத்தான் நிரப்புவார்கள். சுத்தியலுக்கு நேரே உள்ள அறை காலி. காமிக்ஸில் எல்லோரும் ஆறு சுடுவார்கள்.

இப்போது அப்பாவின் ரிவால்வர். இந்த இடத்தை நீங்கள் அழகாக யோசித்திருக்கிறீர்கள், ஆனால் 2000-ஆம் ஆண்டுத் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம் குறுக்கே நிற்கிறது. உரிமம் துப்பாக்கிக்கு மட்டும் உரியதல்ல, ஆளுக்கும் உரியது. அப்பா இறந்ததும் அந்த ரிவால்வர் சொத்து நிர்வாகியின் பொறுப்பு. பாதுகாப்பாக வைக்க வேண்டும். வாரிசு வைத்துக்கொள்ள விரும்பினால் தன் பெயரில் புதிதாக உரிமம் கேட்க வேண்டும். பரணில் கிடக்கிற ரிவால்வரை மேனகா எடுத்த நொடியில் அவள் குற்றவாளி. அவள் வேலை, அவளுடைய தகுதிச் சான்றிதழ், எல்லாம் போகும்.

உரிமம் வாங்குவது என்ன என்றும் சொல்கிறேன். 21 வயது. பயிற்சி, எழுத்துத் தேர்வு, சுடும் தேர்வு. ஸ்டேஷனில் கைரேகை, தகுதிச் சான்றிதழுக்கு ஒரு படிவம், துப்பாக்கிக்கு இன்னொரு படிவம். சுவரிலோ தரையிலோ போல்ட் போட்டு இறுக்கிய இரும்புப் பெட்டி. மாதக்கணக்கில் காத்திருப்பு. தற்காப்புக்கு ஒரே ஒரு துப்பாக்கி, 5 வருட உரிமம். ஒரு துப்பாக்கிக்கு 200 தோட்டாவுக்கு மேல் வைத்துக்கொள்ளக் கூடாது. ஹீரோ அலமாரியைத் திறந்ததும் சுவர் முழுக்கத் துப்பாக்கி தொங்குமே, அது இங்கே நடக்காது. வெளியே எடுத்துப்போனால் ஹோல்ஸ்டரில், முழுக்க மறைந்து, தன் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும். ஜாக்கெட்டைத் திறந்து காட்டுவதே தப்பு.

---

பழைய_ரீல் | சனி, இரவு 9.40

தென்றல் அம்மா, சட்டம் குறுக்கே நிற்கிறது என்று கரும்பு சொன்னதும் அந்தக் காட்சியை எடுத்துவிடாதீர்கள். இப்போதுதான் அதற்கு உயிர் வந்திருக்கிறது. முன்பு பரணிலிருந்து ரிவால்வரை எடுப்பது ஒரு போஸ். இப்போது அவளுக்கு அது ஒரு முடிவு. எடுத்தால் எல்லாம் போகும் என்று பதிவேட்டில் கையெழுத்துப் போட்டே பழகியவளுக்குத் தெரியாதா? தெரிந்தும் எடுக்கிறாளா, துணியில் சுற்றி மறுபடியும் வைக்கிறாளா? நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

படப்பிடிப்பில் பொய்த் துப்பாக்கிகூடப் பொய்யாக இருப்பதில்லை. 1993-ல் நடிகர் பிராண்டன் லீ படப்பிடிப்பில் இறந்தது அப்படித்தான். முந்தைய காட்சிக்குப் பயன்படுத்திய டம்மித் தோட்டாவின் முனை குழலுக்குள் சிக்கியிருந்தது. பிறகு வெற்று வெடியைப் போட்டுச் சுட்டபோது அந்த முனை நிஜக் குண்டாகப் பாய்ந்தது. 28 வயது. குழலுக்குள் ஒருவர் எட்டிப் பார்த்திருந்தால் போதும்.

---

லெனேசியா_வாத்தியார் | சனி, இரவு 10.05

இதைப் படித்த பிறகு ஒரு யோசனை. மேனகா பதிவேட்டில் கையெழுத்துப் போட்டதும் மேகசினை எடுத்துவிட்டு, ஸ்லைடைப் பின்னால் இழுத்து, சேம்பருக்குள் கண்ணால் பார்த்து, சுண்டுவிரலை விட்டுத் தடவியும் பார்க்கட்டும். ஒவ்வொரு இரவும். எல்லா அத்தியாயத்திலும்.

---

சில்வர்கிளென்_தென்றல் | ஞாயிறு, காலை 5.50

தூங்கவில்லை. மாற்றி எழுதிவிட்டேன். சண்டையில் ஆறு பேர் இல்லை, ஒருவன்தான்.

"கிடங்குக் கதவு பாதி திறந்திருந்தது. மேனகா ஜாக்கெட்டை விலக்கி ஸெட் 88-ஐ எடுத்தாள். இரவு முழுக்க இடுப்பெலும்பில் அழுத்திய கனம் இப்போது கைக்கு வந்தது. பதினைந்து. எண்ணி வாங்கியது. உள்ளே யாரோ கால் மாற்றி நிற்கும் சத்தம். 'செக்யூரிட்டி. கையை மேலே தூக்கு.' அவன் தூக்கவில்லை. வெளிச்சம் வந்தது, அப்புறம்தான் சத்தம். அவள் சுட்டாளா அவன் சுட்டானா என்று அவளுக்கே தெரியவில்லை. காதுக்குள் ஒரு கொசு மட்டும் நிற்காமல் பாடியது. அவன் பறக்கவில்லை, விழவில்லை. தன் வயிற்றைக் குனிந்து பார்த்தான். பிறகு மிக மெதுவாக, களைத்தவன் உட்காருவது போல, பலகைப் பெட்டியின் மேல் உட்கார்ந்தான். ரேடியோவில் கண்ட்ரோல் ரூம் அவளுடைய எண்ணைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தது. அவளுக்குக் கேட்கவில்லை. ஜாக்கெட்டைக் கழற்றி அவன் வயிற்றில் வைத்து இரண்டு கையாலும் அழுத்தினாள். பதினான்கு, என்று நினைத்தாள். பதினான்கு."

---

பீனிக்ஸ்_அக்கா | ஞாயிறு, காலை 7.25

அழுத்தினாள் என்று எழுதினீர்களே, அதுவே போதும் எனக்கு. ஒரு திருத்தம்: அழுத்துவதற்கு முன் அவனைப் பெட்டியிலிருந்து இறக்கித் தரையில் படுக்க வையுங்கள். உட்கார்ந்த நிலையில் மயங்கிச் சரிந்துவிடுவான்.

---

டோங்காட்_கரும்பு | ஞாயிறு, காலை 8.00

படித்தேன். இரண்டு முறை. இரண்டு கையாலும் அழுத்துகிறாள் என்றால் துப்பாக்கி எங்கே போனது? தரையில் வைத்திருந்தால் அவன் கைக்கு எட்டும். ஹோல்ஸ்டரில் திரும்பப் போட்டுவிட்டு அழுத்தட்டும். அந்த ஒரு வினாடியை எழுதுங்கள், கை நடுங்கி ஹோல்ஸ்டரின் வாயைத் தேடுவதை. அந்த நேரம் விரல் விசைக்கு வெளியே இருக்கட்டும்.

---

மதுரைக்காரன்_பிரிட்டோரியா | ஞாயிறு, காலை 8.32

பதினான்கு என்று அவள் எண்ணும் இடத்தில் நானும் எண்ணினேன். நேற்று வரை நான் எண்ணாதவன்.

---

சில்வர்கிளென்_தென்றல் | ஞாயிறு, காலை 9.10

அக்கா, அண்ணா, இரண்டையும் சேர்த்துவிட்டேன். ஹோல்ஸ்டரைத் தேடுகிற இடம் இப்போது நான்கு வரி. அண்ணா, நீங்கள் அடுத்த முறை ரேஞ்சுக்குப் போகும்போது நானும் வரலாமா? சுட வேண்டாம். ஓரமாக நின்று சத்தத்தைக் கேட்க வேண்டும், அந்த நெடியையும் பிடிக்க வேண்டும்.

---

டோங்காட்_கரும்பு | ஞாயிறு, காலை 9.18

தாராளமாக. என்னிடம் காதுக்கவசம் இரண்டு ஜோடி இருக்கிறது. காலர் மூடிய சட்டை போட்டுக்கொண்டு வாருங்கள்.